வால் உதிராத அண்ணனும் தங்கையும்

அந்தக் காலத்தில் எருமையும் பேசும், எறும்பும் பேசும். பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஞாபகத்தில்தான். காலையிலிருந்து வாய் ஓயாமல் வம்பளக்கிற பிராணியைக் கூப்பிட்டு, “அக்கரைக்குப் போய் இந்தச் சேதியைச் சொல்லிவிட்டு வா” என்று அனுப்பினால், பாதி ஆற்றில் மறந்துவிட்டு அங்கே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும். ஆளுக்கு ஒரு சொல் வரைக்கும்தான் தாங்கும்.

அதனால் நொச்சியாற்றின் தென்கரைக் காட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சேதியில் எத்தனை சொல்லோ அத்தனை பேர். ஒவ்வொருவரும் ஒரு சொல்லை மனத்தில் போட்டுக்கொண்டு, ஒரே சீந்தில் கொடியை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வரிசையாக ஆற்றில் இறங்குவார்கள். அக்கரை சேர்ந்ததும் நின்ற வரிசைப்படியே சொல்லிவிட்டால் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

எந்த வரிசையாக இருந்தாலும் தலைமாட்டில் எருமைதான். தனக்கு முன்னால் ஒரு ஈ பறந்தால்கூட அதற்குப் பொறுக்காது. கடைசியில் ஆமை. ஆமைக்குச் சொல் கிடையாது. மற்றவர்கள் சொல்லி முடித்ததும் அது தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உருண்டையாகக் கிடக்கும். அதைப் பார்த்தால்தான் சேதி முடிந்தது என்று அக்கரைக்காரர்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் இன்னும் ஏதோ வருகிறது என்று வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

தென்கரைக் காடு ஒரு மேட்டின்மேல் இருந்தது. மேட்டின் நடுவில் ஒரு சின்னக் குட்டை. அந்தக் குட்டையில் வேம்பி என்று ஒரு தவளை குடியிருந்தது. இந்தக் கதை வேம்பியுடையது.

ஒவ்வோர் ஐப்பசியிலும் ஆற்றில் வெள்ளம் வரும். வெள்ளத்தோடு வரும் மரங்கள் கீழே குறுகலான இடத்தில் போய்க் குறுக்கும் நெடுக்குமாக அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் தண்ணீர் பின்னால் ஏறி மேட்டைச் சூழும். அந்த மரங்களைப் பிடுங்கிப் போடும் பலம் வடகரை யானைகளுக்கு மட்டும்தான் உண்டு. அவர்கள் மனசு வைத்தால் ஒரு பொழுதில் தண்ணீர் வடிந்துவிடும். மனசு வைக்க வேண்டுமே.

போன வருஷம் வைக்கவில்லை. எருமை ‘எங்கள்’ என்றது, பன்றி ‘மேடு’ என்றது, கீரி ‘முழுகுகிறது’ என்றது, ஆமை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு பிசகும் இல்லாத சேதி. யானைகள் கேட்டுவிட்டு, “அப்படியா, பாவம்” என்று சொல்லிவிட்டு மூங்கிலைத் தின்னப் போய்விட்டன. வருஷா வருஷம் கேட்கிற சேதிதானே.

தண்ணீர் ஏறியது. மற்றவர்கள் மரத்தில் ஏறினார்கள், பாறையில் ஏறினார்கள். வேம்பியின் பிள்ளைகள் அப்போது தலையும் வாலுமாகத்தான் இருந்தார்கள். தலைப்பிரட்டை எந்த மரத்தில் ஏறும்? ஆறும் குட்டையும் ஒன்றாகிவிட்ட அன்று அத்தனை பேரையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. வேம்பிக்கு நீச்சல் தெரியும், பின்னாலேயே போய்த் தேடியது. ஒருத்தரும் கிடைக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அது சரியாகச் சாப்பிடவே இல்லை.

இந்த வருஷமும் ஐப்பசி வந்தது, மழை வந்தது, அடைப்பும் வந்தது. குட்டையில் வேம்பியின் புதுப் பிள்ளைகள். எல்லோருக்கும் மூத்தவன் சுழியன். அவனுக்கு அடுத்தவள் பொட்டு. இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம்: குட்டைக் கல்லில் வாயை வைத்து ஒட்டிக்கொள்வார்கள், வாலை வேரில் சுற்றிக்கொள்வார்கள். அப்புறம் யார் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார்கள். அந்த வாரம்தான் இருவருக்கும் வாலடியில் கால் முளைப்பதற்கு அடையாளமாகக் கடுகளவு புடைப்புத் தெரிந்தது. வேம்பி அதைத் தினமும் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போகும்.

இப்போது பூரிக்க நேரமில்லை. தண்ணீர் மேட்டின் இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. வேம்பி தானே நீந்திப் போய் யானைகளிடம் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகாமலா இருந்தது? போய்க் கரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியது. மழை பெய்தால் தவளை கத்தத்தானே செய்யும் என்று யானைகள் காதை ஆட்டிக்கொண்டு தூங்கிவிட்டன.

திரும்பி வந்து குட்டைக் கரையில் உட்கார்ந்து அது அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்து நொச்சிச் செடியிலிருந்து ஓணான் தலையை ஆட்டியது. இந்த ஓணான் பொல்லாத வாயாடி. யார் பேசினாலும் நடுவில் ‘அதாவது’ என்று நுழைந்துவிடும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், காட்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பிராணி அது ஒன்றுதான்.

“வேம்பியக்கா, போன கோடையில அந்தப் பெரிய யானையம்மாவோட குட்டி வெயில் தாங்காம நம்ம மேட்டு நெழல்ல வந்து விழுந்துதே, ஞாபகம் இருக்கா? நீதான் குட்டைத் தண்ணியக் காலால எத்தி எத்தி அது மூஞ்சில தெளிச்சே. யானையம்மா தேடி வந்து, கண்ணுல தண்ணியோட கூட்டிட்டுப் போச்சு.”

“ஞாபகம் இருக்கு. அதுக்கென்ன இப்ப?”

“இந்த மேடுதான் அந்த மேடுன்னு அவுங்களுக்கு யாரு சொன்னா? எங்கள் மேடு, எங்கள் மேடுன்னா, ஆத்தோரத்துல ஆயிரம் மேடு. நடுவுல நான் ஒரு வார்த்தை போட்டா யானையம்மா எந்திரிச்சு ஓடியாரும்.”

வேம்பி அழுகையை நிறுத்திவிட்டுத் தாவியது. இரண்டும் எருமையிடம் ஓடின.

எருமை அசைபோடுவதை நிறுத்தாமலே கேட்டது. “எங்கள் மேடு முழுகுகிறது. இதுல என்ன குறை? இவனை எடுத்துட்டாலும் சேதி சேதிதான். எதுக்கு இந்த இடைச்செருகல்?”

ஓணானுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. “என்னை எடுத்துட்டாலும் சேதி நிக்கும் அண்ணே, நான் இல்லேங்கல. போன வருஷமும் நின்னுச்சு. நின்னு என்ன ஆச்சு?”

எருமை தலையைத் தூக்கியது. வேம்பியின் முகத்தைப் பார்த்தது, பார்த்ததும் அசைபோடுவது நின்றது. போன வருஷம் வேம்பி அழுத அழுகையை அதுவும் கேட்டிருக்கிறது.

“சரி, வரட்டும். எங்க நிக்கறான்?”

“உங்களுக்கு முன்னாடி நிக்கறேன் அண்ணே.”

“என் கொம்புக்கு முன்னாடி எவனும் நடக்கப்படாது. அது ஆகாது.”

“அப்ப கடைசியில?”

ஆமை கழுத்தை நீட்டியது. “எனக்கப்புறம் யாரு பேசினாலும் எடுபடாதுப்பா. முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிடுவானுங்க.”

கடைசியில், பன்றிக்கும் கீரிக்கும் நடுவில் என்று ஆயிற்று. பன்றி சொல்கிற சொல் ‘மேடு’. ஓணான் சொல்லப்போவது அந்த மேட்டைப் பற்றித்தான். ஆகவே பன்றிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் முறை.

இறங்கினார்கள். மற்றவர்களுக்கு இடுப்பில் கொடி சுற்றியிருந்தது. ஓணானின் இடுப்போ ஈர்க்குச்சி, கொடியோ மணிக்கட்டுப் பருமன். சுற்றவும் முடியவில்லை, கட்டவும் முடியவில்லை. சும்மா கொடிமேல் தொற்றிக்கொண்டு போயிற்று. ஆழத்தில் ஒரு அலை வந்து தூக்கிப் போட்டதும், கையில் அகப்பட்ட கீரியின் மீசையைப் பிடித்துக்கொண்டது. கீரி அலறிய அலறலில் அதற்கு ‘முழுகுகிறது’ மறந்துபோயிற்று. எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

“சொன்னேனா இல்லையா?” என்றது எருமை.

“யாராவது ஓணான் மாமாவைப் புடிச்சுக்கணும். அவ்வளவுதானே?” என்று குட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சுழியன்தான். “நான் கொடியில வாலைச் சுத்திக்கிறேன். வாயால மாமா கையைப் புடிச்சுக்கிறேன். நான் புடிச்சா வுடமாட்டேன், அம்மாவைக் கேட்டுப் பாருங்க.”

வேம்பிக்கு அவனை அனுப்ப மனசில்லை. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. தான் கூடவே நீந்தி வருவதாகச் சொல்லி அனுப்பியது. பன்றிக்குப் பின்னால் சுழியன் கொடியில் வாலைச் சுற்றினான், ஓணானின் முன்கையைக் கவ்வினான். மறுபடி இறங்கினார்கள்.

நடு ஆற்றில் என்ன நடந்தது என்பதை வேம்பி கண்ணால் பார்த்தது. சுழியன் விடவில்லை. ஓணானும் நழுவவில்லை. முன்பக்கம் பிடி இருந்தது, பின்பக்கம்தான் பிடி இல்லை. வெள்ளம் ஓணானின் உடம்பை அப்படியே கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டது. பின்னால் வந்த கீரிக்குக் கண்முன்னால் தெரிந்தது ஓணானின் வால் மட்டும்தான். அந்த வால் போகிற பக்கம்தான் வரிசை போகிற பக்கம் என்று நினைத்துக்கொண்டு அதுவும் திரும்பிவிட்டது. கீரி திரும்பியதும் ஆமையும் திரும்ப வேண்டியதாயிற்று. எருமையும் பன்றியும் வடக்கே இழுக்கிறார்கள், மற்றவர்கள் ஆற்றோடு போகிறார்கள். கொடி நறநறவென்றது. ஆமை ஒரு பாறையில் காலை ஊன்றிக்கொண்டதால் பிழைத்தார்கள். சேதி எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

நனைந்து நடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். ஒரு பக்கம் கட்டியதைவிடக் கட்டாமலே இருந்திருக்கலாம் என்றது பன்றி.

“பின்பக்கம் நான் புடிச்சுக்கிறேன்” என்றாள் பொட்டு.

“நீ சும்மா இரு” என்று சுழியன் அதட்டினான். “நானே இன்னொரு தடவை போறேன்.”

“நீ மட்டும் போனதுலதானே அண்ணே எல்லாரும் ஆத்தோட போகப் பாத்தாங்க?”

அப்போது ஆமை மெதுவாக வேம்பியின் பக்கத்தில் வந்தது.

“வேம்பி, அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதே. கால் மொளைக்கிற நேரத்துலதான் வால் கரையணும். இந்த நேரத்துல போயி வாலை இறுக்கிச் சுத்தி, இவ்வளவு வெள்ளத்துல உசுரைக் கொடுத்துப் புடிச்சா, வால் கெட்டிப்பட்டுடும். கெட்டிப்பட்ட வால் உதிராது. வால் உதிராட்டி காலும் வராது. பெரியவனுக்கு ஏற்கெனவே பாதி அப்படித்தான் ஆயிருக்கு, பாரு.”

வேம்பி பார்த்தது. சுழியனின் வாலடியில் இருந்த கடுகளவுப் புடைப்பைக் காணவில்லை. வால் கம்பிபோல் விறைத்து ஒரு பக்கம் வளைந்து நின்றது.

“வேணாம்” என்றது வேம்பி. “போதும். யாரும் போவேணாம்.”

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. குட்டையின் வடக்கு விளிம்பில் ஒரு விரற்கடை மண்தான் மிச்சம். அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் வேம்பியின் பிள்ளைகள். நடக்கிறது எதுவும் தெரியாமல் பிள்ளைகள் பாசியைக் கடித்துக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, நாங்க ரெண்டே பேர்தானே” என்றாள் பொட்டு.

“ரெண்டே பேரா? உங்களை என்ன எண்ணிப் பார்த்தாடி பெத்தேன்?” என்று வேம்பி வெடித்து அழுதது. இவர்களைக் கொடுத்து அவர்களை வாங்க வேண்டும் என்று எந்த ஆறு கேட்கலாம்? கேட்கிறதே! அழுதுகொண்டே அது விளிம்பு மண்ணைப் பார்த்தது. ஒரு துண்டு பெயர்ந்து ஆற்றில் விழுந்தது.

பிறகு வேம்பி பொட்டுவைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு போய், கீரிக்கு முன்னால் கொடியில் விட்டது. “நல்லா சுத்திக்கோ. அண்ணனைப் பார்த்துக்கிட்டே வா” என்று மட்டும் சொன்னது.

மூன்றாம் தடவை இறங்கினார்கள். முன்பக்கம் சுழியன், பின்பக்கம் பொட்டு, நடுவில் ஓணான். வெள்ளம் ஓணானைப் பிடித்து ஆட்டத்தான் செய்தது. மேலே தூக்கியது, கீழே அமுக்கியது. ஆனால் அந்த ஆட்டமெல்லாம் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவிலேயே முடிந்துவிட்டது. அவர்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடி நேராக இருந்தது. கீரிக்கு ஓணானைத் தாண்டிப் பன்றியின் முதுகு தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தது. வேம்பி பக்கத்திலேயே நீந்தியது. இரண்டு வால்களும் கொடியில் புதைந்து போகிற அளவுக்கு இறுகியதைப் பார்த்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தது.

கரையேறினார்கள். யானைகள் மூங்கில் தின்றுகொண்டிருந்தன.

“எங்கள்” என்றது எருமை.

“மேடு” என்றது பன்றி.

யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இதே சேதிதானா என்ற பார்வை. அப்போது சுழியன் ஓணானின் கையை விட்டுவிட்டு மூச்சு வாங்கினான். அந்தச் சின்ன இடைவெளியில் யானைகள் காதை நிறுத்தின.

“போன கோடையில் உங்கள் குட்டி மயங்கி விழுந்து எழுந்ததே, அதே மேடுதான்” என்றது ஓணான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடியது.

இந்தப் பக்கம் பொட்டு ஒரு மூச்சு வாங்கினாள்.

“முழுகுகிறது” என்றது கீரி.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கூட்டத்தின் நடுவிலிருந்து அந்தப் பெரிய யானையம்மா எழுந்தது. வாயிலிருந்த மூங்கில் கீழே விழுந்தது. “அந்தத் தவளை வீடா?” என்று கேட்டது. யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மற்ற யானைகளும் ஓடின. வேரோடு அடைத்திருந்த மரங்களைத் துதிக்கையால் பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் எறிந்தன. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் மேட்டைவிட்டு இறங்கிவிட்டது. குட்டை குட்டையாகவே இருந்தது.

சில நாளில் வேம்பியின் பிள்ளைகளுக்கு வரிசையாகக் கால் முளைத்தது. வால் கரைந்தது. தத்தித் தத்திக் கரையேறி, புல்லுக்குள் குதித்து, ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். குட்டையில் சுழியனும் பொட்டுவும் மட்டும் மிச்சம். உருண்டைத் தலை, ஒரு பக்கம் வளைந்த வால், அவ்வளவுதான் அவர்கள். ஆமை சொன்னது அப்படியே ஆயிற்று. தம்பி தங்கைகள் கரையில் குதிப்பதை அவர்கள் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை வேம்பி பார்க்கும். அதற்கு வாழ்க்கையில் அதைவிட வலித்தது வேறு எதுவும் இல்லை.

எருமைக்கு நன்றி சொல்லத் தெரியாது. ஆனால் அதன்பிறகு வரிசை கிளம்பும்போதெல்லாம், நடுவில் யாராவது விருந்தாளி நுழைந்தால், குட்டைக் கரைக்கு வந்து தானே கூப்பிடும். “ரெண்டு பேரும் வாங்கப்பா, ஒரு ஆளு வந்திருக்கான்.” வேலை செய்யச் செய்ய அண்ணனுக்கும் தங்கைக்கும் நுணுக்கமெல்லாம் பிடிபட்டுவிட்டது. விருந்தாளி நடுவில் வந்தால் இரண்டு பேரும் போவார்கள். வரிசையின் கடைசியில் ஆமைக்கு முன்னால் வந்தால் முன்பக்கம் ஒருவர் போதும். பின்பக்கம்தான் ஆமை இருக்கிறதே. எருமைக்கு வயசாகி வீம்பு குறைந்தபின், விருந்தாளியை முன்னால் விடவும் சம்மதித்தது. அப்போது பின்பக்கம் ஒருவர் போதும்.

ஒரு தடவை பன்றிக்குட்டி ஒன்று தொலைந்துபோய்ச் சேதி சொல்லக் கிளம்பினார்கள். பன்றிக்கோ வீடு நிறையக் குட்டிகள். தொலைந்தது காதறுந்த குட்டி. ‘காதறுந்த’ என்ற சொல்லை மரநாய் எடுத்துக்கொண்டு நடுவில் நின்றது. ஓணானுக்குக் கிடைத்த மரியாதை தனக்கும் வேண்டும் என்று அதற்கு ஆசை.

“எனக்கும் ரெண்டு பக்கமும் வந்து நில்லுங்க” என்றது.

சுழியன் கொடியை ஒரு தடவை பார்த்தான். “உங்களை எடுத்துட்டா எந்தக் குட்டியைத் தேடறதுன்னே தெரியாதுங்களே. நீங்க விருந்தாளி இல்ல, வீட்டு ஆளு. கொடியை நீங்களே புடிச்சுக்குங்க.”

மரநாய்க்கு இது பெருமையா சிறுமையா என்று விளங்கவில்லை. யோசித்துப் பார்த்துப் பெருமை என்றே வைத்துக்கொண்டது.

ஒரு மார்கழியில் உள்ளான் குருவி ஒன்று வந்தது. குளிர்காலத்தில் கடல் தாண்டி நம் ஊர் ஏரிக்கும் ஆற்றுக்கும் வருமே, அந்தக் குருவி. அது சேற்றைக் கொத்திக்கொண்டே அண்ணனும் தங்கையும் வேலை செய்வதை வெகுநேரம் பார்த்தது. பிறகு வேம்பியிடம் வந்தது.

“அம்மா, எங்க ஊர்ல ஒரு பாஷை இருக்கு, ஆங்கிலம்னு. அதுல யாரைப் பத்திப் பேசறாங்களோ அவரு உங்க எருமை மாதிரி. பெரும்பாலும் முன்னாடி போயி நின்னுக்குவாரு. விருந்தாளிச் சொல்லெல்லாம் அவருக்குப் பின்னாடி, வரிசை நடுவுலதான் நுழைய வேண்டியிருக்கு. என் மாமா, அவர் மதுரையில் இருக்கிறார், நாளைக்கு வருகிறார். இப்படித்தான் அவுங்க பேச்சு. புடிச்சுக்க ஆள் இல்லாததால எழுதி வச்ச வரிசையெல்லாம் ஆத்தோட போவுது. உங்க பிள்ளைங்களை என்னோட அனுப்புவீங்களா?”

வேம்பி முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தது. சுழியன் குறுக்கிட்டான். “போறோம் அம்மா. இங்க எங்களைப் பாத்தா எல்லாரும் கால் இல்லேன்னுதான் பாக்கறாங்க. அங்க யாருக்கும் கால் தேவையில்லையே.”

பொட்டு அண்ணனின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள்.

வேம்பி குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு ஒரு தாமரை இலையைக் கிழித்துத் தொன்னையாக மடித்தது. குட்டைத் தண்ணீரையே அதில் மொண்டது. இருவரையும் அதில் விட்டு உள்ளானின் அலகில் கொடுத்தது. கொடுத்தும் கையை எடுக்கவில்லை.

“ஒரே ஒரு சத்தியம் பண்ணிக் கொடு. வேற சில்லறை வேலைக்கு ஒத்தையா நிறுத்தினாலும் நிறுத்திக்கோ, அது உங்க பாடு. ஆனா நடுவுல ஒரு விருந்தாளி வந்தா ஒருத்தனை மட்டும் நிறுத்தாதே. அவன் அந்தப் பக்கம் நின்னா, அவ இந்தப் பக்கம் நிக்கணும். தனியா விட்டா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்தவ.”

உள்ளான் அலகைத் திறக்க முடியாததால் தலையை மட்டும் அசைத்தது. பறந்து போயிற்று.

இரண்டே பேர் எப்படி அந்த ஊரின் அத்தனை வாக்கியங்களிலும் நிற்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கதையில் கேட்கக் கூடாத கேள்வி அது. தமிழில் ஏன் அவர்களைத் தேடிப் போவதில்லை என்று வேண்டுமானால் கேளுங்கள், பதில் இருக்கிறது. மதுரையில் இருக்கிற என் மாமா நாளைக்கு வருகிறார் என்றுதானே நாம் சொல்கிறோம்? நம் ஊரில் விருந்தாளியை எப்போதும் முன்னால் விட்டுத்தான் பழக்கம்.

அன்று முதல்தான், ஆங்கில வாக்கியத்தின் நடுவில் எந்த விருந்தாளிச் சொல் நுழைந்தாலும், அதற்கு முன்னால் வால் வைத்த புள்ளி ஒன்றும் பின்னால் ஒன்றும் நிற்கின்றன. அன்று முதல்தான், மழை பிடித்ததும் தவளை ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்துவதில்லை, மறுபடியும் கத்துகிறது: முதல் சத்தம் சுழியனைக் கூப்பிட, அடுத்தது, பொட்டுவும் அவன்கூடத்தான் நிற்கிறாளா என்று கேட்க.